பனிச்சிறுத்தையைத் தேடி: குளிர்கால லடாக்குக்கு ஒரு முழு வழிகாட்டி

பனிச்சிறுத்தையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எங்கே போனால் கண்டிப்பாகப் பார்க்கலாம்?" என்றுதான். என்னிடம் கேட்டால் நான் திருப்பிக் கேட்பேன்: கொட்டும் குளிரில், ஒரே மலைச்சரிவைப் பார்த்தபடி, காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை, தொடர்ந்து எத்தனை நாள் உங்களால் உட்கார முடியும்? இடம் முக்கியம்தான், ஆனால் ஒரே இடத்துக்குப் போன இரண்டு குழுவில் ஒன்று பார்த்துவிட்டும் இன்னொன்று பார்க்காமலும் திரும்பினால், பெரும்பாலும் பொறுமையும் பார்க்கத் தெரிந்த கண்ணும்தான் வித்தியாசம். அந்தக் கண்ணைப் பழக்குவது எப்படி என்பதைத்தான் இதில் அதிகம் சொல்லப்போகிறேன். பயண ஏற்பாடு, சாமான்கள் எல்லாம் தேவையான அளவுக்கு மட்டும்.

இந்தியாவில் 2019 முதல் 2023 வரை நடந்த முதல் முழுமையான கணக்கெடுப்பில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அதில் 477 லடாக்கில், 124 உத்தராகண்டில், 51 இமாச்சலத்தில், மீதி அருணாச்சலம், சிக்கிம், ஜம்மு காஷ்மீரில். 477 என்றதும் நிறைய என்று தோன்றும். அத்தனை பெரிய மலைப்பிரதேசத்தில் அவை எப்படிப் பரவிக் கிடக்கும் என்று யோசித்தால், ஒரு பள்ளத்தாக்கில் ஒன்றோ இரண்டோ, அதுவும் இன்று இங்கே, நாளைக்கு இரண்டு மலை தாண்டி. காட்டுயிர் ஆய்வாளர் ஜார்ஜ் ஷாலர் 1970இல் பாகிஸ்தானின் சித்ரால் பகுதியில் எடுத்த படங்களுக்கு முன்பு, காட்டில் உலவும் பனிச்சிறுத்தையை யாரும் ஒழுங்காகப் படம் எடுத்ததே இல்லை. இன்று ஒரு வாரப் பயணத்தில் சாதாரண ஆட்கள் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்றால், அதற்கு அந்த ஊர் மக்கள்தான் காரணம். அவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

முதல் படி: எப்போது, எங்கே

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. இதற்கு மூன்று காரணம். ஒன்று, மேலே பனி மூடிவிடுவதால் பாரல் எனப்படும் நீல ஆடுகளும் ஐபெக்ஸ் ஆடுகளும் மேய்ச்சலுக்காகக் கீழே இறங்குகின்றன, சிறுத்தையும் பின்னாலேயே வரும். இரண்டு, இது அவற்றின் இணை சேரும் காலம். மற்ற மாதங்களில் வாயே திறக்காமல் தனியாகத் திரியும் விலங்கு இப்போதுதான் கத்தும், அதிகமாக அலையும், அதிகமாக அடையாளம் வைக்கும். மூன்று, பனியில் தடம் விழும்.

இடங்களைப் பொறுத்தவரை பழைய பெயர் ஹெமிஸ் தேசியப் பூங்கா. 1981இல் அறிவிக்கப்பட்டது, ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர். அதற்குள் ரும்பாக் பள்ளத்தாக்குதான் பனிச்சிறுத்தை தேடுகிறவர்களின் தாய்வீடு மாதிரி. நடந்துதான் போக வேண்டும், சாமான்களைக் குதிரையோ கழுதையோ சுமக்கும். லடாக்கின் முக்கிய நகரமான லேவிலிருந்து மேற்கே உலே என்ற சின்ன ஊர் இருக்கிறது, அங்கே ஐபெக்ஸ் அதிகம், வண்டி ஊர் வரைக்கும் போகும், முட்டி வலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். லடாக்குக்கு வெளியே என்றால் இமாச்சலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் கிப்பர் என்ற ஊர். அங்கே குளிர்காலத்தில் மணாலி வழி மூடிவிடும், சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக ஸ்பிதியின் தலைமை ஊரான காஸாவுக்குப் போய்ச் சேர வேண்டும், பனி கொட்டினால் சாலையில் நாள்கணக்கில் மாட்டிக்கொள்ளவும் நேரலாம்.

எந்த இடமானாலும் மலையில் குறைந்தது ஆறு நாள், முடிந்தால் எட்டு. பனிச்சிறுத்தை பெரிய ஆடு ஒன்றை அடித்தால் மூன்று, நான்கு நாள், சில நேரம் ஒரு வாரம் வரை அதன் பக்கத்திலேயே கிடக்கும். அப்புறம் கிளம்பி எங்கோ போய்விடும். நீங்கள் அந்தச் சுற்றின் எந்தக் கட்டத்தில் போய் இறங்குகிறீர்கள் என்பது உங்கள் கையில் இல்லை. இரண்டு மூன்று நாள் பயணம் என்றால் வீண் செலவு. அதற்குப் பதில் அடுத்த வருடம் விடுப்பைச் சேர்த்துவைத்துப் போங்கள்.

இரண்டாம் படி: உடம்பு

இதைத் தாண்டிப் படித்துவிடாதீர்கள். லே சுமார் 3,500 மீட்டர் உயரம். டெல்லியிலிருந்து விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் போய் இறங்கிவிடுகிறோம், உடம்புக்கு அது தெரியாது. இறங்கிய அன்றும் மறுநாளும் லேவிலேயே சும்மா இருங்கள். சும்மா என்றால் சும்மா. படி ஏறாமல், கோயில் சுற்றாமல், கடைத்தெரு அலையாமல், தண்ணீரும் சூப்பும் குடித்துக்கொண்டு. மது வேண்டாம். ரும்பாக்கும் உலேயும் நான்காயிரம் மீட்டரை ஒட்டியவை, அதனால் மூன்று இரவு லேவில் கழித்துவிட்டு மேலே போவது நல்லது. உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்க அசெட்டாசோலமைடு மாத்திரை சிலருக்கு உதவும், ஆனால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம், அதனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

லேசான தலைவலி, தூக்கம் வராதது, பசியின்மை எல்லாம் பலருக்கும் வரும், அன்று மேற்கொண்டு உயரம் ஏறாமல் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடாத இருமல் வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். இரவானாலும் சரி. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்புதான் மலையில் ஆளைக் கொல்லும்.

இன்னொன்று, தங்கும் அறைகளில் புகாரி என்ற விறகு அடுப்பு எரியும். கரியோ கேஸ் ஹீட்டரோ எரியும் மூடிய அறையில் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்கும் முன் அடுப்பு முழுக்க அணைந்ததா என்று பார்த்து, ஜன்னலை ஒரு விரல் அகலமாவது திறந்து வைத்து, கம்பளிக்குள் வெந்நீர் பையை வைத்துக்கொண்டு படுங்கள். ராத்திரி வெளியே மைனஸ் இருபது வரை போகும், ஆனாலும் அந்தப் பையே போதும்.

மூன்றாம் படி: என்ன எடுத்துப் போவது

நடக்கிறவனின் குளிர் வேறு, உட்கார்ந்திருக்கிறவனின் குளிர் வேறு. மலையேற்றத்துக்கு வாங்கிய ஜாக்கெட்டில் இங்கே நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் எலும்பு வரை ஏறும். அதனால் உள்ளே வியர்வையை இழுக்கும் கம்பளி உள்ளாடை, நடுவில் ஃப்ளீஸ், வெளியே இடுப்புக்குக் கீழே இறங்கும் பறவை இறகு அடைத்த தடிமனான டவுன் ஜாக்கெட், அதற்கும் மேலே காற்றைத் தடுக்கும் உறை. ஏறும்போது கழற்றுங்கள், உட்காரும்போது குளிரத் தொடங்கும் முன்பே போடுங்கள். குளிர்ந்த பிறகு போட்டால் சூடு திரும்ப வெகுநேரம் ஆகும்.

கால்தான் முதலில் தோற்கும். ஷூ ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், இரண்டு சாக்ஸ் போட்டாலும் விரல்களை ஆட்ட முடிய வேண்டும். இறுக்கமான ஷூவுக்குள் மூன்று சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் நின்று இன்னும் குளிரும். நுரை மெத்தைத் துண்டு ஒன்று எடுத்துப் போங்கள், உட்காருவதற்கு மட்டும் இல்லை, நிற்கும்போது காலுக்கு அடியில் போட்டுக்கொள்ளவும். கிலோ கணக்கில் உடை வாங்கியும் கிடைக்காத நிம்மதி அந்த ஒரு துண்டில் கிடைக்கும். கைக்கு மெல்லிய உறை ஒன்று, அதன் மேல் விரல் பிரியாத தடித்த உறை ஒன்று. கறுப்புக் கண்ணாடி கட்டாயம், பனியில் பட்டுத் திரும்பும் வெயில் ஒரே நாளில் கண்ணைப் புண்ணாக்கிவிடும்.

கண்ணுக்கு 8x42 அல்லது 10x42 (எட்டு அல்லது பத்து மடங்கு பெரிதாக்கும்) பைனாகுலர், ஆளுக்கு ஒன்று. கணவன் மனைவிக்குள் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று வருகிறவர்கள் இரண்டாம் நாளே வருத்தப்படுவார்கள். முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் இல்லாமல் இந்தப் பயணமே இல்லை, ஆனால் அதை நீங்கள் வாங்க வேண்டியதில்லை. வழிகாட்டிகளிடம் 20-60 மடங்கு பெரிதாக்கும் நல்ல ஸ்கோப் இருக்கும், முன்பதிவு செய்யும்போதே எத்தனை ஸ்கோப், எத்தனை பேர் என்று கேளுங்கள். நான்கு பேருக்கு ஒன்றாவது வேண்டும்.

கேமராவைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் சிறுத்தை அரை கிலோமீட்டரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். 600 மில்லிமீட்டர் லென்ஸிலும் அது சாம்பல் புள்ளிதான். ஸ்கோப்பின் கண் முனையில் போனைப் பொருத்தும் சின்ன அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள், நினைவுக்கு அந்தப் படம் போதும். பேட்டரிகளைச் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வையுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். அறைக்குள் போகும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கிக் கட்டி, உள்ளே ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் லென்ஸுக்குள் நீர் கோர்க்காது.

போன் விஷயம்: வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் பள்ளத்தாக்குக்குள் பெரும்பாலும் கிடைக்காது.

நான்காம் படி: யாரோடு

உள்ளூர் ஆள் இல்லாமல் போகாதீர்கள். வழிகாட்டி என்று சொல்லிக்கொண்டு வெளியிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு முறை அப்படி ஒருவரோடு போய் நான்கு நாள் தவறான சரிவுகளையே பார்த்துவிட்டு வந்தோம். பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓநாய் வந்ததா, எந்தப் பட்டியில் ஆடு போனது, நேற்று இரவு நாய்கள் எந்தப் பக்கம் பார்த்துக் குரைத்தன என்பதெல்லாம் ஊர்க்காரருக்குத்தான் தெரியும். இந்த ஊர்ப் பையன்கள் சிறுவயதில் ஆடு மேய்த்த மலை இது. நமக்குப் பாறை, அவர்களுக்கு அது ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லக்கூடிய இடம்.

வீட்டிலேயே தங்க இடம் தரும் குடும்பங்கள் ரும்பாக்கிலும் உலேயிலும் இருக்கின்றன. ரும்பாக்கில் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு வேலையின் ஒரு பகுதியாகத்தான் இந்த முறை தொடங்கியது. ஒரே இரவில் பட்டிக்குள் குதித்துப் பல ஆடுகளைக் கொன்றுவிட்டுப் போகும் விலங்கை ஒரு குடும்பம் எப்படிப் பொறுத்துக்கொள்ளும்? அதே விலங்கைப் பார்க்க வரும் ஆள் அந்த வீட்டுக்குப் பணம் தந்தால் கணக்கு மாறுகிறது. பாதுகாப்பு அமைப்பினர் பட்டிகளின் மேல் கம்பி வலை போட்டுக் கொடுத்தார்கள், கிப்பரில் 2002இல் கால்நடைக் காப்பீடும் வந்தது. அதனால் லேவில் ஹோட்டல் எடுத்துத் தினமும் வந்துபோகிற திட்டத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஊரில் தங்குங்கள். அடுப்படியில் உட்கார்ந்து துக்பா (நூடுல்ஸ் சூப்) சாப்பிடும்போது காதில் விழும் பேச்சே பாதித் துப்பு.

நான்கு வார்த்தை கற்றுக்கொண்டு போனால் அந்தப் பேச்சு கொஞ்சம் பிடிபடும். ஷான் என்றால் பனிச்சிறுத்தை, ஷாங்கு ஓநாய், நாபோ நீல ஆடு, ஸ்கின் ஐபெக்ஸ்.

ஐந்தாம் படி: மலையைப் படிப்பது

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். சிறுத்தையைத் தேடாதீர்கள், ஆட்டைத் தேடுங்கள். காலையில் முதல் வேலை, எந்தச் சரிவில் எத்தனை நாபோ என்று கணக்கெடுப்பது. வெயில் விழும் தெற்குப் பார்த்த சரிவுகளில் பனி சீக்கிரம் கரைந்து காய்ந்த புல் தெரியும், மந்தைகள் அங்கேதான் மேயும். ஓடி ஒளியச் செங்குத்துப் பாறை ஒன்று மேயுமிடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். நம் வரையாடுகள் செய்வதும் இதேதான், திறந்த புல்வெளியில் மேய்ச்சல், ஆபத்து என்றால் பாறை. மந்தைக்கும் அந்தப் பாறைக்கும் நடுவில், மந்தைக்குக் கொஞ்சம் மேலே, உடைந்த பாறைகளும் இடுக்குகளுமாக ஒரு பகுதி இருக்கும் பாருங்கள், அங்கேயிருந்துதான் சிறுத்தை இறங்கும். அது மேலேயிருந்து கீழே பாய்கிற வேட்டைக்காரன். சுமார் ஒரு மீட்டர் நீளத்துக்கு அந்த வால் இருப்பதே அப்படிச் சரிவில் பாயும்போது நிலை தடுமாறாமல் இருக்கத்தான்.

மந்தை என்ன செய்கிறது என்று பாருங்கள். தலை குனிந்து மேய்ந்தால் அமைதி. ஒரு ஆடு மட்டும் தலை தூக்கினால் அது வழக்கமான காவல். பத்து ஆடும் மேய்ச்சலை நிறுத்தி ஒரே திசையில் அசையாமல் பார்த்து நின்றால், உடனே ஸ்கோப்பை அந்தத் திசைக்குத் திருப்புங்கள், ஆடுகளைப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். கீச்சென்று எச்சரிக்கைக் குரல் கேட்டால் இன்னும் நல்லது. கீழே போகும் ஆளையோ நாயையோ பார்த்தாலும் இப்படி நிற்கும்தான், அதனால் முதலில் பாதையில் யாராவது வருகிறார்களா என்று ஒரு பார்வை. யாரும் இல்லை என்றால் அந்தச் சரிவை ஒரு மணி நேரத்துக்கு விடாதீர்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் மந்தை அந்தப் பகுதிக்குத் திரும்பவில்லை என்றால் அங்கே ஏதோ படுத்துக்கிடக்கிறது.

அடுத்தது வானம். மேக்பை பறவைகளும் மலைக்காகங்களும் ஒரு புதரையோ பாறை இடுக்கையோ சுற்றிச் சுற்றி இறங்கி, ஆனால் தரையில் உட்காராமல் பாறைமேல் காத்திருந்தால், இரை கிடக்கிறது, உரிமையாளர் பக்கத்திலேயே இருக்கிறார் என்று பொருள். எல்லாம் ஒன்றாக இறங்கிக் கொத்தினால் உரிமையாளர் போய்விட்டார். தாடிக் கழுகு ஒரே இடத்தை மூன்று தடவை தாழப் பறந்து கடந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தரையில் இருக்கும் செய்தி

நடுப்பகலில் சிறுத்தை பாறையோரம் படுத்துத் தூங்கும், நமக்கும் கண் களைத்திருக்கும். அந்த நேரத்தைத் தடம் தேட வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தேடுவது என்றால், இரண்டு ஓடைகள் சேரும் முனை, செங்குத்துப் பாறையின் அடி, முகட்டுப் பாதை, தனியாக நிற்கும் பெரிய பாறை. இந்த இடங்களைத்தான் அவையும் தங்களுக்குள் செய்தி சொல்லப் பயன்படுத்துகின்றன.

தடத்தில் நகம் தெரியாது, வட்டமாக, நான்கு விரல், உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பில் மூன்று வளைவு. ஓநாயின் தடம் நீள்வட்டம், முன்னால் நகம் குத்தியிருக்கும். நரியுடையதும் அப்படியே, ஆனால் சின்னது. நாயையும் ஓநாயையும் ஒரு தடத்தை வைத்துப் பிரிக்க முயலாதீர்கள், நடந்த வரியைப் பாருங்கள்: ஓநாய் நேர்கோட்டில் வேலையாகப் போகும், நாய் அங்குமிங்கும் அலைந்து மோந்துவிட்டுப் போகும். பனியில் விழுந்த தடம் வெயிலில் கரைந்து ஒரே நாளில் இரண்டு மடங்கு பெரிதாகிவிடும், அதனால் தட்டு அளவு தடம் என்று யாராவது சொன்னால் அது பழையது. விளிம்பு கூர்மையாக, உள்ளே பனித்தூள் கட்டியாகாமல் உதிரியாக இருந்தால் புதிது. ராத்திரி பனி பெய்து நின்ற காலைதான் பொன்னான காலை, ஏனென்றால் அன்று கண்ணில் படும் எந்தத் தடமும் பனி நின்ற பிறகு விழுந்தது. அந்தக் காலையில் சோம்பாதீர்கள்.

தடத்துக்கு அடுத்த அடையாளம், அது கால்களால் மண்ணைப் பின்னால் தள்ளிச் சுரண்டிய பள்ளம், ஒரு முனையில் மண் குவியலோடு, சுமார் ஒரு சாண் நீளம். அதன் பக்கத்தில் எச்சம் இருக்கலாம், முறுக்கிய கயிறு மாதிரி, ஆட்டு முடி நிறைந்து. கையால் தொடாதீர்கள். வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் பாறையின் அடிப்பக்கத்தில் சிறுநீர் பீய்ச்சியிருக்கும், குனிந்து மோந்தால் காட்டமான பூனை வாடை அடிக்கும், சில நேரம் கன்னத்தைத் தேய்த்த முடியும் ஒட்டியிருக்கும். வாடை புதிதாக இருந்தால் அந்தப் பாதையைத் தாண்டி மேலே ஏறாதீர்கள். இறங்கி, எதிர்ச்சரிவில் நல்ல இடம் பார்த்து உட்காருங்கள். அடையாளம் கிடைத்ததும் அதன் பின்னாலேயே ஏறிப்போவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. நீங்கள் அதைப் பார்க்கும் முன்பே அது உங்களைப் பார்த்துவிடும், அதோடு அந்தப் பள்ளத்தாக்கில் அன்றைய ஆட்டம் முடிந்தது.

ஏழாம் படி: பார்க்கும் முறை

விடியும் முன்பே ஸ்கோப் பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் வெளிச்சத்திலும் கடைசி வெளிச்சத்திலும் முகடுகளைப் பாருங்கள், ஏனென்றால் அப்போதுதான் அவை நடக்கும், முகட்டில் நடந்தால் வானத்துக்கு எதிராக உருவம் தெளிவாகத் தெரியும். பைனாகுலரில் முகட்டை இடமிருந்து வலமாக ஒரு முறை, வலமிருந்து இடமாக ஒரு முறை. திரும்பி வரும்போது கண்ணில் படுவது போகும்போது படாதது, இதை நானே எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

வெயில் ஏறிய பிறகு ஸ்கோப். சரிவை மனசுக்குள் பட்டை பட்டையாகப் பிரித்து, மேலேயிருந்து தொடங்கி, ஒவ்வொரு பட்டையும் முந்தையதின் மேல் கொஞ்சம் ஏறும்படி நகர்த்துங்கள். காட்சியை நிறுத்தி, ஐந்து விநாடி பார்த்து, பிறகு நகர்த்த வேண்டும். ஓட்டிக்கொண்டே பார்த்தால் கண் எதையும் பிடிக்காது. முழு விலங்கைத் தேடவும் கூடாது. பாறைகள் எல்லாம் உடைந்த கோடுகள், கூர் முனைகள். அதற்கு நடுவில் வழுவழுப்பாக ஓடும் ஒரு முதுகுக் கோடு, பாறை நுனியில் தொங்கும் தடித்த வால், வட்டமான தலையும் சின்னக் காதும், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். அந்தப் புகைச் சாம்பல் நிறமும் ரோஜா வடிவப் புள்ளிகளும் சரளைக் கற்களோடு எப்படிக் கரைந்துபோகும் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது படுத்தது, கண்ணை எடுக்காத எனக்கே அடுத்த நொடி அது பாறையாகிவிட்டது.

பத்து மணிக்கு மேல் சரிவிலிருந்து வெப்பக் காற்று எழும்பும், குளிர்காலத்திலும்தான், அறுபது மடங்கில் எல்லாம் தண்ணீருக்கடியில் தெரிவது போல நெளியும். அப்போது முப்பதுக்கு இறக்குங்கள். பார்த்து முடித்த சரிவை அரை மணி கழித்து மறுபடி பாருங்கள், நிழல் நகர்ந்திருக்கும், தூங்கியது புரண்டிருக்கும். மூன்று மணிக்கு மேல் யாரும் டீ குடிக்க எழுந்து போகக்கூடாது என்று எங்கள் குழுவில் ஒரு விதியே வைத்திருக்கிறோம்.

காதையும் திறந்து வையுங்கள். பனிச்சிறுத்தை சிங்கம் போலக் கர்ஜிக்காது, ஆனால் இணை தேடும் காலத்தில் இரவிலும் விடியற்காலையிலும் நீளமாக, ஏக்கமாக ஒரு குரல் கொடுக்கும். பள்ளத்தாக்கில் எதிரொலித்து எந்தப் பக்கம் என்று குழப்பும், இரண்டு மூன்று பேர் தனித்தனியே திசை காட்டி, மூன்றும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பார்த்தால் காலையில் எங்கே தொடங்குவது என்று தெரியும்.

கண்டுபிடித்துவிட்டால் கத்தாதீர்கள், ஸ்கோப்பை அசைக்காதீர்கள். மற்றவர்களுக்கு இடத்தைச் சொல்லும் கலையை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள்: முகட்டில் ஒட்டகத் திமில் போன்ற பாறை, அதற்கு நேர் கீழே கறுப்பு விரிசல், விரிசல் முடியும் இடத்திலிருந்து வலப்பக்கம் கை நீட்டினால் இரண்டு விரல் தள்ளி. "அதோ, அந்தப் பழுப்புப் பாறைக்குப் பக்கத்தில்" என்று சொன்னால் மலையில் இருப்பது எல்லாமே பழுப்புப் பாறை. உட்கார்ந்ததும் எல்லோரும் சேர்ந்து எதிர்ச்சரிவின் முக்கியமான பாறைகளுக்குப் பெயர் வைத்துவிடுங்கள், அப்புறம் ஒரு வார்த்தை போதும்.

எட்டாம் படி: பார்த்த பிறகு

நெருங்காதீர்கள். இரை மேல் இருக்கும் சிறுத்தையிடம் குறிப்பாக. அதை விரட்டிவிட்டால் இறைச்சியைக் காக்கையும் நாயும் தின்றுவிடும், அதற்கு மறுபடி வேட்டை, இந்தக் குளிரில், ஒருவேளை அடுத்த தடவை ஊர்ப் பட்டியில். அதன் பழியும் இழப்பும் நீங்கள் தங்கிய வீட்டின் தலையில். எதிர்ச்சரிவில் தூரமாக உட்கார்ந்தால் நாள் முழுக்கப் பார்க்கலாம்: தின்பது, தூங்குவது, எழுந்து நெளிப்பது, வாலை முகத்தில் போட்டுக்கொண்டு மறுபடி தூங்குவது. இருநூறு மீட்டர் கிட்டே போனால் கிடைப்பது ஓடும் முதுகு.

ட்ரோன் வேண்டாம், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிட வேண்டாம், இறைச்சி வைத்து வரவழைக்கிறோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிட்டு வெளியேறுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு இது. இரவில் டார்ச் அடித்துத் தேடுவதும் கூடாது. படத்தைப் பகிரும்போது இடத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், இரை கிடக்கும்போது சொன்னால் மறுநாள் ஐம்பது பேர் வந்து நிற்பார்கள். நாய்களுக்கு மிச்சச் சோறு போடாதீர்கள், மனசு கேட்காது, தெரியும். ஆனால் லடாக்கில் சுற்றுலா, ராணுவ முகாம் குப்பையில் பெருகிய நாய்க் கூட்டங்கள் சிறுத்தையை இரையிலிருந்து விரட்டுவதும் நாபோ குட்டிகளைக் கொல்வதும் இன்று அங்கே பெரிய பிரச்சனை.

சிறுத்தை வராத நாட்களில்

அதற்குப் பக்கத்தில் வேறு ஊனுண்ணிகளும் இருக்கின்றன. செந்நரி ஊரோரத்திலேயே தென்படும். ஓநாயைப் பள்ளத்தாக்கின் அகன்ற பகுதிகளில், காலையில், நேர்கோட்டில் ஓடும் புள்ளிகளாகத் தேடுங்கள். ஓநாய் என்றால் லடாக்கில் பயமும் கோபமும் பழையது. உள்ளே விழுந்தால் ஏற முடியாதபடி உட்புறம் சாய்ந்த கற்சுவரோடு ஷாங்டோங் என்ற பொறிக்குழிகளைக் கட்டிவைத்திருந்தார்கள். 2018இல் சுஷூல் ஊர்க்காரர்கள் தங்கள் குழிகளைச் செயலிழக்கச் செய்து, பக்கத்தில் ஒரு ஸ்தூபியும் எழுப்பினார்கள். நாள் கூடுதலாக இருந்தால், உடம்பும் பழகிவிட்டிருந்தால், கிழக்கே ஹன்லே பக்கம் பல்லாஸ் பூனையைத் தேடலாம், குட்டையான கால், தட்டையான முகம், கல்லோடு கல்லாக உட்கார்ந்திருக்கும் சின்ன விலங்கு. அங்கே குளிர் இன்னும் கடுமை, சமவெளிக் காற்று முகத்தை அறுக்கும். பல்லாஸ் பூனைக்கு, முன்னால் சொன்ன முறை அப்படியே பொருந்தாது, வண்டியில் மெதுவாகப் போய், கற்குவியல்களையும் வளைகளின் வாயையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

கடைசி நாள் காலையையும் விட்டுவிடாதீர்கள். சாமான் கட்டுகிற வேலையை முந்தின ராத்திரியே முடித்துவிட்டு, குதிரைகள் வரும்வரை ஸ்கோப் முன்னால் உட்காருங்கள். லேவிலிருந்து கிளம்பும் விமானம் மேகமூட்டத்தால் ரத்தாகும் வாய்ப்பு எப்போதும் உண்டு, அதனால் திரும்புவதற்குப் பின் இரண்டு நாள் கையில் வைத்திருங்கள். நான் பார்த்ததிலேயே நீண்ட காட்சி அப்படி ரத்தான ஒரு நாளில் கிடைத்தது: வண்டி பிடித்து மறுபடி உலேவுக்கே போனோம், தாயும் வளர்ந்த இரண்டு குட்டிகளும் எதிர் முகட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன, இருட்டும் வரை.